மூலைக் கட்டம்

நான் சின்ன வயசில் படித்த காமிக்ஸ் ஒன்றுக்கும் முடிவு கிடையாது. எழுதியவர்கள் முடித்துத்தான் இருப்பார்கள். எங்கள் சலூன்காரர் விட்டுவைக்க மாட்டார். சவரக் கத்தியில் வழித்த நுரையைத் துடைக்க அவருக்குத் துண்டு துண்டாகப் பேப்பர் வேண்டும். முன்னாலிருந்து கிழித்தால் அட்டை போய்விடும், கடைக்கு லட்சணமாக இருக்காது என்று பின்னாலிருந்துதான் கிழிப்பார். சனிக்கிழமை ராத்திரி போனால் ராணி காமிக்ஸில் எட்டுப் பக்கம் குறைந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போனால் ஜேம்ஸ்பாண்ட் எந்த ஊருக்குப் போயிருக்கிறார் என்பதே சந்தேகமாகிவிடும்.

ராணி காமிக்ஸும் சிவகாசி லயன் காமிக்ஸும் ஒரே மாதத்தில், 1984 ஜூலையில், பிறந்தவை. முத்து காமிக்ஸ் மூத்தது. 1972இல் இரும்புக்கை மாயாவியோடு வந்தது. 1984இல் எனக்குப் பத்து வயசு. காங்கேயத்தில் ஒரு தேங்காய்க் களத்தில் அப்பா கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். காமிக்ஸுக்குக் காசு கேட்டால் அவர் கொப்பரை விலையைச் சொல்வார். விலை ஏறினாலும் இறங்கினாலும் எனக்குக் கிடைத்த பதில் ஒன்றுதான். ஆகவே சலூன்.

சலூனில் தினத்தந்தியும் வரும். அதில் கன்னித்தீவு. 1960இல் தொடங்கியது, அப்பா கல்யாணத்துக்கு முந்தியே படித்தது. மூசா என்ற மந்திரவாதி லைலாவைப் பொம்மை அளவுக்குச் சுருக்கிவிட, அவளைப் பெட்டியில் வைத்துக்கொண்டு சிந்துபாத் கடல் கடலாக அலைகிற கதை. தினம் ரெண்டு மூன்று கட்டம். ஒரு மாதம் படிக்காமல் விட்டுவிட்டுத் திரும்பினாலும் ஒன்றும் குடி முழுகியிருக்காது. சிந்துபாத் இன்னொரு தீவில் இன்னொரு பூதத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பான். இழுத்தடிக்கிற பாகப்பிரிவினைக்கும் முடியாத கல்யாணப் பேச்சுக்கும் எங்கள் ஊரில் அதுதான் பேர்: "கன்னித்தீவாட்டம் போகுது."

மாயாவி அதற்கு நேர் எதிர். அவனுக்கு ரெண்டு பக்கத்துக்கு ஒரு கண்டம் என்பதை ஐந்தாவது படிக்கும்போதே கண்டுபிடித்துவிட்டேன். பக்கம் திருப்பும் முன்னால் கிணற்றில் தள்ளுவார்கள், இல்லையென்றால் அவனை மறைத்துவைத்திருக்கும் கரண்டைப் பிடுங்கிவிடுவார்கள், உடம்பு தெரிந்துவிடும். திருப்பினால் தப்பித்திருப்பான். காரணம் ரொம்ப வருஷம் கழித்துத்தான் விளங்கியது. அது 1962இல் லண்டனில் 'வேலியன்ட்' என்ற வாரப் பத்திரிகையில் வாரத்துக்கு ரெண்டு பக்கமாக வந்த தொடர். அடுத்த வாரமும் பையன்கள் காசோடு கடைக்கு வர வேண்டும் என்றால் ரெண்டாம் பக்கத்து அடிக் கட்டத்தில் ஒரு கிணறு வெட்டியே ஆக வேண்டும். சிவகாசியில் அதை ஒரே புத்தகமாகச் சேர்த்தபோது ஒட்டுப்போட்ட இடமெல்லாம் அப்படியே தெரிந்தது. ஸ்பைடர் கதைகளும் இதே ஜாதி. 1965இல் இங்கிலாந்தின் 'லயன்' வாரப் பத்திரிகையில் தொடங்கியது. கொஞ்ச காலத்தில் எழுத வந்தவர் ஜெர்ரி சீகல், சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவர். ஸ்பைடரோடு பெல்ஹாம், ஆர்டினி என்று ரெண்டு பேர் எப்போதும் இருப்பார்கள். கூட்டம் என்றுதான் பேர். அவர்கள் வீட்டில் என்ன சமையல், யார் மேல் கோபம், ஒன்றும் நமக்குச் சொல்லப்படாது. ஸ்பைடர் பறக்கும்போது கீழே நின்று அண்ணாந்து பார்ப்பதற்கு ஆள் வேண்டுமே, அதற்குத்தான் அவர்கள்.

இருந்தாலும் நான் அவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசிப் பக்கம் கிடைக்காது என்று தெரிந்துபோனவன் இருக்கிற பக்கங்களிலேயே அதைத் தேடுவான். வாசலில் நிற்கிற வேலைக்காரன் ஏன் ரெண்டு கட்டத்தில் வருகிறான்? அந்தச் சுருட்டுப் பிடிக்கிற ஆள் யார்? சண்டை நடக்கும் பெரிய கட்டத்தை விட்டுவிட்டு மூலையில் இருக்கிற சின்னக் கட்டத்தை முறைத்துப் பார்ப்பேன். பெரும்பாலும் அங்கே ஒன்றும் இருக்காது.

ஒரு தடவை தாத்தாவிடம், எங்கள் பக்கத்துப் பேச்சில் அப்பாருவிடம், போய் முறையிட்டேன்.

"அப்பாரு, கடைசிப் பக்கத்தக் காணோம். அவன் என்ன ஆனான்னே தெரியல."

"கடைசியில என்றா இருக்கப் போவுது? ஒண்ணு செத்துருப்பான், இல்லீன்னா பொழச்சிருப்பான். வர்ற வழியில ஆரையாச்சும் விட்டுப்போட்டு வந்தானான்னு பாரு. அங்கதான் கதை கெடக்கும்."

அப்பாரு படிக்கத் தெரியாதவர். அவருடைய படிப்பெல்லாம் உடுக்கடிப் பாட்டு. எங்கள் பக்கம் அண்ணன்மார் கதை என்றால் பொன்னர் சங்கர் கதை. உடுக்கை அடித்து ராத்திரி ராத்திரியாகப் பாடுவார்கள். வெள்ளகோயில் பக்கம் போகிற வழியில் ஓலப்பாளையம். 1965இல் கனடா நாட்டு மானிடவியல் ஆய்வாளர் பிரெண்டா பெக் அந்த ஊரில் தங்கி, பதினெட்டு ராத்திரி பாடிய கதையை ஒலிநாடாவில் பதிந்தார். சுற்றுவட்டாரத்து ஜனங்கள் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள். அப்பாரு அதில் சில ராத்திரி போயிருந்ததாகச் சொல்வார். பாட்டைப் பற்றிப் பேசும்போது அவருக்கு வந்த பெருமை, அந்தம்மாவின் பெட்டியைப் பற்றிப் பேசும்போது வந்த பெருமையில் பாதிகூட இருக்காது. "நாம தும்முனாக்கூட அதுல ஏறிக்குமாமா" என்பார். அவர் தும்மல் ஏதாவது அந்த நாடாவில் இருக்கிறதா என்று எனக்கு இன்றைக்கும் ஒரு ஆசை.

அந்தக் கதையின் நடையை இப்போது நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது. பொன்னரும் சங்கரும்தான் நாயகர்கள். ஆனால் ராத்திரி மேல் ராத்திரி போகும், இருவரும் பிறந்திருக்க மாட்டார்கள். பாட்டன் கதை, அப்பன் குன்றுடையான் கதை, ஆத்தா தாமரை பிள்ளைக்காகத் தவம் கிடந்த கதை என்று பாடகர் நிதானமாகக் களத்தை உழுதுகொண்டிருப்பார். எந்தச் சினிமா முதலாளியும் இதற்குச் சம்மதிக்க மாட்டார். பிறந்த பிறகோ ஒரே ஆள் கூட்டம். பொன்னர் யோசிக்கிறவர்; சங்கர் கத்தியை உருவிவிட்டுப் பிறகு காரணம் கேட்கிறவர். தங்கை தங்காளுக்கு வரப்போவது முன்கூட்டியே தெரியும். கூடவே சாம்புவன், சங்கருக்கு வலதுகை. ஆளுக்கொரு குணம், ஆளுக்கொரு குறை. எல்லோருடைய நூலும் தனித்தனியாக ஓடி, வீரப்பூர்க் காட்டில் போய் ஒன்றாக முறுக்கிக்கொள்ளும். அதுவும் எதில் ஆரம்பிக்கிறது? தங்காள் ஒரு ஜோடிக் கிளி கேட்டாள். அண்ணன்மார் வேட்டுவர் காட்டுக்குப் போனார்கள். ஆண் கிளி சிக்கியது, பெண் கிளி தப்பிப் போய்ப் புகார் சொன்னது. அதன் பின்னால் கொம்பன் என்ற பன்றி வந்தது, படை வந்தது, சாவு வந்தது.

எனக்குப் பிடித்தது நாய். பொன்னாச்சி என்று பேர். குட்டியூண்டு பெட்டை நாய். அப்பாரு கேட்ட பாட்டில், கொம்பனை வேட்டையாடக் கிளம்பும்போது ஊர்ப்பட்ட வேட்டை நாய்களைக் கூட்டிக்கொண்டு போனவர்கள் பொன்னாச்சியை மறந்துவிடுவார்கள். அது கோபித்துக்கொண்டு சாபம் விடும். அங்கே காட்டில் ஆளும் நாயும் சுருண்டு படுக்கும், யாருக்கும் காரணம் புரியாது. அப்பாரு இந்த இடத்தில் நிறுத்திவிட்டு வெற்றிலை மடிக்க ஆரம்பிப்பார்.

"பொறவு?"

"பொறவு என்ன, தூங்கு. நாய் எங்கயும் ஓடிப் போயராது."

மூன்று நாள் ஆனாலும் சொல்ல மாட்டார். நடுவில் வேறு எதையெல்லாமோ சொல்வார், ஆனால் ஒவ்வொரு ராத்திரியும் ஒரு வரியாவது அந்த நாயைப் பற்றி வந்துவிடும்: திண்ணையில் படுத்திருந்தது, சோறு வைத்தார்கள் திங்கவில்லை, அவ்வளவுதான். அந்த ஒரு வரியால்தான் நான் அதை மறக்காமல் இருந்தேன் என்பது அப்போது தெரியாது. கடைசியில் சங்கருக்கு ஞாபகம் வந்து, மரியாதையாக அழைத்து, அது வந்து அவ்வளவு பெரிய பன்றியை, கடிக்கக் கூடாத இடத்தில் கடித்துவைக்கும். அந்தக் கட்டத்தில் அப்பாரு சிரிக்கிற சிரிப்பில் வெற்றிலைச் சாறு சட்டையில் தெறிக்கும்.

1993இல் திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் புரொடக்‌ஷன் ஃபாலோ-அப் வேலைக்குச் சேர்ந்தேன். தினம் காங்கேயத்திலிருந்து பஸ். சிவன்மலை, படியூர், நல்லூர், திருப்பூர். கம்பெனியில் என் ராஜ்ஜியம் ஒரு பச்சைப் பலகை. இடமிருந்து வலமாகக் கோடு போட்டு நூல், நிட்டிங், டையிங், காம்பாக்டிங், கட்டிங், ஸ்டிச்சிங், செக்கிங், அயர்ன், பேக்கிங். மேலிருந்து கீழாக ஆர்டர்கள். ஒவ்வொரு ஆர்டரும் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தினம் காலையில் சாக்பீஸில் மாற்றி எழுத வேண்டும். ஒன்று பேக்கிங்கில் இருக்கும்போது அடுத்தது ஓவர்லாக் மிஷினில் ஓட வேண்டும், மூன்றாவது கட்டிங் டேபிளில் விரிந்திருக்க வேண்டும், நாலாவது சாயப்பட்டறையில் நனைந்துகொண்டிருக்க வேண்டும், ஐந்தாவதுக்கு நூலாவது வந்திருக்க வேண்டும். எல்லாம் ஒரே நாளில் பேக்கிங்குக்கு வந்தால் அடுத்த நாள் டெய்லர்கள் மிஷினுக்கு முன்னால் கை கட்டி உட்கார்ந்திருப்பார்கள். பீஸ் ரேட்டில் வேலை செய்கிறவர்கள். சும்மா உட்கார்ந்தால் சம்பளம் இல்லை. நம்மைப் பார்க்கிற பார்வையே வேறு மாதிரி இருக்கும்.

அடுத்த வருஷம் ஒரு வேலையாகக் கோயம்புத்தூர் போனவன் உக்கடம் பழைய புத்தகக் கடைகளில் நின்றேன். டிப்ளமோ கைடுகளுக்கு நடுவில் சணல் போட்டுக் கட்டிய மெல்லிசான அமெரிக்க காமிக்ஸ். பிரித்துப் பார்க்கக் கடைக்காரர் விடவில்லை, கட்டோடு வாங்கினேன். 'டேல்ஸ் ஆஃப் தி டீன் டைட்டன்ஸ்', 42, 43, 44 என்று மூன்று இதழ், 1984இல் வந்தவை. எழுதியவர் மார்வ் வுல்ஃப்மேன், வரைந்தவர் ஜார்ஜ் பெரெஸ். மூன்றும் சேர்ந்து ஒரே கதை, நாலாவது பாகம் தனியாக ஆண்டு மலரில் வந்திருக்கிறது. அது கட்டில் இல்லை. சலூன்காரர் இங்கேயும் கைவரிசையைக் காட்டிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

பஸ்ஸில் டிக்‌ஷனரியை மடியில் வைத்துக்கொண்டு படித்தேன். சூப்பர் சக்தி உள்ள இளவட்டங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்த ஒரு குழு. அதில் டெர்ரா என்ற பெண், மண்ணையும் பாறையையும் சொன்னபடி கேட்கவைப்பவள், பல மாதங்களாகக் கூடவே இருந்து சாப்பிட்டு, சிரித்து, பிறந்தநாள் கொண்டாடியவள், டெத்ஸ்ட்ரோக் என்ற கூலிக் கொலைகாரனுக்கு வேவு பார்த்தவள். கண்ணில் போட்டிருந்த லென்ஸில் கேமரா. 43ஆம் இதழில் ஒவ்வொருவராக மாட்டுகிறார்கள். சண்டை போட்டு யாரும் தோற்கவில்லை. அவரவர் வீட்டில், அவரவர் பழக்கத்தில் பிடிபடுகிறார்கள். மிருகமாக உருமாறத் தெரிந்த பச்சை நிறப் பையன் ஒருவன் ரசிகர் கடிதங்களுக்குப் பதில் எழுதி, உறையை நாக்கால் நனைத்து ஒட்டுகிறவன். பசையில் மருந்து. அவ்வளவுதான்.

படியூரில் பஸ் நின்றபோது நான் புத்தகத்தை மூடிவிட்டேன். ஒரு குழுக் கதையில் நடுநடுவே வருகிற இந்த வீட்டுக் காட்சிகளை, யாருக்கு யார் மேல் ஆசை, யார் எந்த நாற்காலியில் உட்கார்வார், இதையெல்லாம் சண்டைக்கும் சண்டைக்கும் நடுவில் மூச்சு விடக் கொடுத்த இடம் என்றுதான் நினைத்திருப்போம். அவள் அந்த மூச்சு விடுகிற இடங்களைத்தான் பார்த்துக் குறித்துக்கொண்டிருக்கிறாள். கிளைக்கதைகளே பொறியாகிவிட்டன. மூலைக் கட்டங்களை முறைத்துப் பார்த்த எனக்கு முன்னாடியே அதே வேலையை அவள் பார்த்திருக்கிறாள், சம்பளத்துக்கு.

பழைய இதழ்கள் சில பெங்களூர் அவென்யூ ரோட்டில் பிற்பாடு கிடைத்தன. டெர்ரா முதலில் தலைகாட்டுவது 26ஆம் இதழில், 1982 கடைசியில். அவள் துரோகி என்று வாசகனுக்கு மட்டும் தெரிவது 34இல். குழுவுக்குத் தெரிய இன்னும் ஒன்பது பத்து இதழ். இத்தனைக்கும் டெத்ஸ்ட்ரோக் இவர்களைத் தேடி வருவதற்கான காரணம் 1980இல் ரெண்டாவது இதழிலேயே விதைக்கப்பட்டது: அவன் மகன் ஒப்புக்கொண்ட கொலை வேலையை முடிக்காமல் செத்துப்போக, அப்பன் அந்தப் பாக்கியை ஏற்றுக்கொள்கிறான். நாலு வருஷக் கடன். முதலிலிருந்தே அவளைத் துரோகியாகத்தான் திட்டமிட்டேன் என்று வுல்ஃப்மேன் பிறகு சொல்லியிருக்கிறார். நான் தலைகீழாகப் படித்தவன், அதனால் 26ஆம் இதழை எடுத்தபோதே அவள் யார் என்று தெரியும். ஒவ்வொரு கட்டத்திலும் அவள் முகத்தைப் பார்த்தேன். எல்லோரும் சிரிக்கும்போது ஒரு ஓரப் பார்வை. பெரெஸ் வேண்டுமென்றே வரைந்தாரா, எனக்கு அப்படித் தெரிந்ததா, இன்று வரைக்கும் தீர்மானிக்க முடியவில்லை.

குறை இல்லாமல் இல்லை. பலூனில் வசனம் ரொம்ப அதிகம். விழுந்துகொண்டிருக்கிறவன் நாலு வாக்கியம் பேசிவிட்டுத்தான் தரையைத் தொடுவான். அதே காலத்தில் எக்ஸ்-மென்னைப் பதினாறு வருஷம், 1975 முதல் 1991 வரை, கிறிஸ் கிளேர்மான்ட் எழுதினார். பிரமாதமான எழுத்து. ஆனால் அவர் திறந்துவிட்ட நூல்களில் பல, கட்டாமலே காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. அங்கே கன்னித்தீவின் கரை லேசாகத் தெரிய ஆரம்பித்துவிடும்.

இதெல்லாம் படித்த புத்தி கம்பெனியில் உதவியதா என்றால், இல்லை. 1996இல் காலர் வைத்த டி-ஷர்ட் ஆர்டர் ஒன்று. உடம்புத் துணி ஓரிடத்தில் பின்னி வரும். காலர் தனியாக வேறு மிஷினில் பின்னி, தனியாகச் சாயம் போட்டு வர வேண்டும். பலகையில் உடம்புக்கு மட்டும் வரிசை போட்டிருந்தேன். காலருக்குத் தனி வரிசை போடவில்லை. மூலையில் சின்னதாக 'காலர்' என்று எழுதி வட்டம் போட்டதோடு சரி. கட்டிங் முடிந்து, தோள் மூட்டி, பட்டி வைத்து, எல்லாம் அட்டகாசமாக ஓடிக்கொண்டிருந்தது. பிறகு லைன் நின்றது. காலர் சாயப்பட்டறைக்கே போய்ச் சேரவில்லை. போன பிறகு அவசரத்தில் சாயமேறி வந்தது வேறு நீலம்.

கட்டிங் மாஸ்டர் வயசானவர், யார்மேலும் சத்தம் போட மாட்டார். வெட்டிக் குவித்த பீஸ்களுக்கு நடுவில் நின்று கேட்டார்: "ஏனுங்க தம்பி, கழுத்தில்லாத சட்டைய ஆருக்குங்க போடப் போறீங்க?"

ரெண்டு நாள் முப்பது டெய்லர்கள் சும்மா இருந்தார்கள். மூன்றாம் நாள் பாதிப் பேர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்கள். கண்டெய்னர் தூத்துக்குடியில் கப்பலைத் தவறவிட்டது. ஆர்டரில் எவ்வளவு கழித்தார்கள் என்பதை என்னிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதே கனமாக இருந்தது. அன்றைக்கு ராத்திரிக் கடைசி பஸ்ஸில் வரும்போது அப்பாருவின் நாய்தான் ஞாபகம் வந்தது. தினம் ஒரு வரி. திண்ணையில் படுத்திருந்தது, சோறு திங்கவில்லை. காலரைப் பற்றி நான் தினம் காலையில் ஒரு வரி எழுதியிருந்தால் போதும்.

பஸ்ஸில் முன் சீட்டில் ரெண்டு பேர் உத்தரவுப் பெட்டியைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். சிவன்மலை முருகன் கோயிலில் கண்ணாடிப் பெட்டி ஒன்று உண்டு. பக்தர் யாராவது ஒருவர் கனவில் ஆண்டவர் வந்து இன்ன பொருளை வை என்று உத்தரவு கொடுப்பார். சாமி முன்னால் பூப்போட்டுக் கேட்டு, உத்தரவு கிடைத்தால் அந்தப் பொருள் பெட்டிக்குள் போகும். அடுத்த ஆளுக்கு அடுத்த கனவு வரும் வரைக்கும் அது அங்கேயே இருக்கும், எத்தனை நாள் என்று கணக்கில்லை. மண், தண்ணீர், தங்கம், நெல் என்று எதுவும் வரலாம். வைத்ததோடு கோயில் வேலை முடிந்தது. அதனால் என்ன நடக்கும் என்று ஊர்தான் மண்டையை உடைத்துக்கொள்ளும். தண்ணீர் வைத்தபோது சுனாமி வந்தது, மண் வைத்தபோது பூமி விலை ஏறியது என்று பிற்பாடு சொன்னவர்கள் உண்டு. நம்புவதும் நம்பாததும் அவரவர் பாடு. ஒரு பொருளை எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி வைத்துவிட்டு விளக்கமே சொல்லாமல் இருக்கிற அந்தத் தைரியம் எந்தக் கதாசிரியருக்கும் வர வேண்டும். ஆனால் என்ன, பெட்டி கண்ணாடியாக இருக்க வேண்டும். என் காலர் இரும்புப் பெட்டிக்குள் இருந்தது.

சில வருஷம் கழித்து டென்னிஸ் ஓ'நீல் காமிக்ஸ் எழுதுவது பற்றி எழுதிய புத்தகம் கைக்கு வந்தது, 2001இல் வெளியானது. அதில் பால் லெவிட்ஸின் முறை என்று ஒன்றை விளக்குகிறார். லெவிட்ஸ் 'லீஜன் ஆஃப் சூப்பர் ஹீரோஸ்' எழுதியவர். முப்பதாம் நூற்றாண்டில் நடக்கிற கதை, இருபதுக்கு மேல் நாயகர்கள். கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி யாரையும் விட்டுவிடாமல் இலை போட வேண்டும். அவர் கட்டம் போட்டு வைத்துக்கொள்வாராம். ஒரு பக்கம் இதழ்கள், இன்னொரு பக்கம் கதைகள். முதல் கதை இந்த இதழின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும். ரெண்டாவது கதைக்குச் சில பக்கம். மூன்றாவதுக்கு ஒரு பக்கம், நாலாவதுக்கு ஒரு கட்டம் போதும். முதல் கதை முடிந்தவுடன் ரெண்டாவது மேலே ஏறும், மூன்றாவது ரெண்டாவதாகும், அடியில் புதிசாக ஒன்று நுழையும். நான் படத்தைப் பார்த்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தேன். வீட்டில் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார்கள். சாக்பீஸ் மட்டும்தான் குறை. மற்றபடி எங்கள் கம்பெனிப் பலகை.

டைட்டன்ஸ் ஆண்டு மலர்க் கதை எனக்குக் கிடைத்தது 2003இல், சென்னையில், எல்லாப் பாகமும் சேர்ந்த புத்தகமாக. ஒன்பது வருஷம் காத்திருந்த கடைசிப் பக்கங்கள். லாட்ஜில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து படித்தேன். டெர்ரா ஆத்திரத்தில் தானே கிளப்பிய பாறைகள் தன் மேலேயே விழுந்து செத்துப்போகிறாள். அப்பாரு சொன்ன ரெண்டில் ஒன்று. அவர் அப்போது இல்லை.

2011இல் பொன்னர் சங்கர் சினிமாவாக வந்தது. கலைஞர் எழுதிய நாவலை வைத்து எடுத்தது, பிரசாந்த் ரெட்டை வேஷம். பதினெட்டு ராத்திரியை ஒரே சினிமாவுக்குள் மடித்தால் என்ன மிஞ்சும்? குதிரையும் கத்தியும் மிஞ்சின. நியாயமாக அந்தக் கதைக்கு ஏற்றது தொடர்தான், படக்கதைதான். அதைச் செய்தவரும் பிரெண்டா பெக்கே. ஓலப்பாளையத்தில் பதிந்த கதையை வைத்துப் பல வருஷம் கழித்து 26 பாகத்தில் அனிமேஷன் தொடராக, தமிழிலும் ஆங்கிலத்திலும், கூடவே படக்கதையாகவும் கொண்டுவந்தார். படம் வரைந்தவர் தமிழ் ஓவியர், ரவிச்சந்திரன் ஆறுமுகம். எங்கள் ஊர்த் திண்ணையில் உடுக்கைச் சத்தத்தோடு ஓடிய கதை, கடைசியில் மாயாவியும் ஸ்பைடரும் வந்த அதே கட்டங்களுக்குள் போய் உட்கார்ந்தது.

இப்போது அண்ணன் பேத்திக்கு அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ரெண்டாவது படிக்கிறாள். அவளுக்கு எல்லாம் உடனே வேண்டும். செல்போனில் பத்து செகண்ட் முன்னால் தள்ளுகிற மாதிரி என்னையும் தள்ளுகிறாள். பாட்டன் கதையில் கொட்டாவி விட்டாள். கிளிக்கு நிமிர்ந்து உட்கார்ந்தாள். போன வாரம் அண்ணன்மார் வேட்டைக்குக் கிளம்பினார்கள். ஆள், குதிரை, வேட்டை நாய்கள் எல்லாம் தெருவைத் தாண்டிப் போய்விட்டன. நான் பொன்னாச்சியைப் பற்றி ஒன்றும் அழுத்தமாகச் சொல்லவில்லை. வாசல்படியில் படுத்திருந்தது என்று போகிற போக்கில் ஒரு வரி.

அடுத்த நாள் பள்ளிக்கூட வேனிலிருந்து இறங்கினவள் பையைக்கூடக் கழற்றவில்லை.

"சின்னப்பாரு, அந்த நாய்க்குட்டிக்கு ஆராச்சும் சோறு வெச்சாங்களா?"

"வெச்சாங்க. திங்கல."

"ஏன் திங்கல?"

வெற்றிலை போடும் பழக்கம் எனக்கு இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தேன்.